பழைய விறகடுப்பை வைப்பதா, இடிப்பதா? வன்னியில் குசினி திருத்துபவர்களுக்கு

குசினி திருத்தத் தொடங்கினால் முதல் நாளே உடைபடுவது அநேகமாக விறகடுப்புத்தான். கரி பிடித்திருக்கும், இடத்தை அடைக்கும், ரைல்ஸ் பதித்த புதுக் குசினிக்குப் பொருந்தாததுபோலத் தெரியும். மேசனும், "அண்ணை, இதை இடிச்சுப்போட்டுப் புதுசா ஒண்டு போடுவம்" என்பார். தலையாட்டிவிட்டால் அரை நாளில் எல்லாம் தரையில். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மிளகாய் வறுக்கவும் நெல் அவிக்கவும் பின்வளவில் மூன்று கல் வைத்து, மழைக்கு மேலே ஒரு தகரத்தையும் இழுத்துக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

முடிவை அடுப்பைப் பார்த்து எடுக்காதீர்கள், புகைக்கூட்டைப் பார்த்து எடுங்கள். அடுப்பு என்பது இரண்டு நாள் மண்வேலை. புகைக்கூடோ அத்திவாரத்தில் தொடங்கிக் கூரையைத் துளைத்து மேலே போவது. நூற்றுக்கணக்கில் செங்கல் தின்னும், வேலை தெரிந்த மேசனும் வேண்டும். நல்ல புகைக்கூட்டை இடித்தால் அதே காசுக்குத் திரும்பக் கட்ட முடியாது. கெட்ட புகைக்கூட்டை வைத்துக்கொண்டு அடுப்பை மட்டும் அழகாக்கினால், போட்ட வெள்ளை ஒரு மாதத்தில் கறுக்கும்.

1. அந்த அடுப்பில் என்ன வேலை நடக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு கிழமைக்குச் சமைப்பவரிடம் கேட்டு எழுதுங்கள். வீட்டுக்காரர் தானாக நினைத்துக்கொள்வதும் உண்மையும் பல வேளை ஒத்துவராது. சோறு, கறி, தேத்தண்ணி எல்லாம் காஸில் முடியும். அரிசிமா வறுப்பது, மிளகாய் மல்லி வறுப்பது, நெல் அவிப்பது, ஒடியல் கூழ் காய்ச்சுவது, பெரிய கிடாரத்தில் தண்ணீர் சுடவைப்பது போன்றவை அந்தப் பட்டியலில் வந்தால் விறகடுப்பு வேண்டும். இவை காஸில் முடியாதவை அல்ல. ஆனால் சிலிண்டர் வேகமாக இறங்கும், பெரிய பாத்திரம் சிறிய அடுப்பில் ஆடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022 சித்திரையில் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்காமல் சனம் வரிசையில் நின்றது. வளவில் பொச்சு, மட்டை, சிரட்டை, ஊமல் விழுகிற வீட்டில் இரண்டாவது அடுப்பு ஒன்று இருப்பது வீண் இடம் அல்ல.

பட்டியலில் மாதம் ஒருமுறை வேலைதான் வருகிறது என்றால் குசினிக்குள் வைத்துக் கஷ்டப்பட வேண்டாம். 4ஆம் படியில் மூன்றாவது வழியைப் பாருங்கள்.

2. புகைக்கூட்டைச் சோதியுங்கள்

இதற்கு ஒரு பின்னேரம் போதும். வேண்டியவை: கைக்கண்ணாடி, ரோர்ச் லைற், ஈரச் சாக்கு, அளவு நாடா, கொஞ்சம் ஈரப்பொச்சு, ஏணி.

முதலில், அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, கண்ணாடியை அடுப்புக்கு மேலே சரித்துப் பிடித்துக் கூட்டின் உள்ளே பாருங்கள். வானம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குளவிக்கூடு, குருவிக்கூடு, விழுந்த செங்கல் ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது. பிறகு உள்சுவரைக் கரண்டிக் காம்பால் சுரண்டுங்கள். தூளாக உதிர்கிற கரி வில்லங்கம் இல்லை. கறுப்பாக, மினுமினுப்பாக, தார் மாதிரி ஒட்டியிருந்தால் அதுதான் ஆபத்து. ஈரவிறகின் புகை குளிர்ந்த சுவரில் படிந்து உண்டாகும் இந்தத் தார் தீப்பிடிக்கும். கால் அங்குலம் தடிப்புக்கு வந்துவிட்டால் அதைச் சுரண்டி எடுக்கும்வரை அடுப்பு எரிக்க வேண்டாம்.

அடுத்தது ஒழுக்குச் சோதனை. அடுப்பில் சிறு நெருப்பு மூட்டி அதன்மேல் ஈரப்பொச்சைப் போடுங்கள். புகை நன்றாகக் கிளம்பியதும் ஒருவர் கூரையில் ஏறி, கூட்டின் வாயை ஈரச் சாக்கால் இரண்டு நிமிடம் மூட வேண்டும். கீழே நிற்பவர் கூட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். முக்கியமாகக் கூரையும் கூடும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சாந்து போன வரிகளில் நூல் நூலாகப் புகை கசியும். அங்கெல்லாம் சோக்கட்டியால் அடையாளம் போடுங்கள். ஐந்தாறு இடம் என்றால் சாந்து சுரண்டிப் பூசலாம். ஒரு பக்கம் முழுக்கக் கசிந்தால், அல்லது விரல் நுழையுமளவு வெடிப்பு மேலிருந்து கீழாக ஓடினால், கூட்டை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு மூன்று அளவுகள்.

உயரம்: கூரையைத் துளைத்த இடத்திலிருந்து கூடு 3 அடியாவது மேலே நிற்க வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் முகடு எதையும்விட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சோளகம் அடிக்கும்போது கூரையில் மோதித் திரும்பும் காற்று புகையைக் கீழே தள்ளும். புகை குசினிக்குள் வருவதற்கு அடுப்பைக் குறைசொல்லி அடுப்பை மாற்றியவர்கள் பலர். கூட்டை இரண்டடி உயர்த்தியிருந்தாலே போதும்.

உள்ளளவு: அடுப்புக்கு முன்னால் திறந்திருக்கும் வாயின் பரப்பில் பத்தில் ஒன்று. வாய் 4 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 8 சதுர அடி. அதில் பத்திலொன்று ஏறத்தாழ 115 சதுர அங்குலம். அதாவது 11 அங்குலச் சதுரம் கூட்டுக்குள் இருக்க வேண்டும். 6 அங்குலக் குழாயை இப்படித் திறந்த அடுப்புக்கு மேல் வைத்தால் புகை முழுவதும் போகாது.

மரத்துக்கு உள்ள தூரம்: பனங்கைமரமோ சலாகையோ செங்கல் கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது, 2 அங்குலமாவது இடைவெளி வேண்டும். தனித் தகரக் குழாய் என்றால் 18 அங்குலம். பழைய வீடுகளில் கைமரத்தைக் கூட்டுக்குள்ளேயே செருகி விட்டிருப்பார்கள். மரத்தின் முனை கறுத்து, நகத்தால் அழுத்தினால் பொடியாகிறதா என்று பாருங்கள். பொடிந்தால் அது வருடக்கணக்காக மெல்ல மெல்லக் கருகி வந்திருக்கிறது. அந்த மரத்தை வெட்டி மாற்றாமல் வேறு வேலை எதுவும் தொடங்காதீர்கள்.

கூடு அஸ்பெஸ்ரஸ் குழாயில் போட்டிருந்தால் பேச்சுக்கு இடமில்லை, எடுக்க வேண்டும். சூட்டில் அது வெடித்துச் சிதறும். எடுக்கும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, வாள் போடாமல் முழுதாக இறக்குங்கள். அதன் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது.

3. அடுப்புத் திட்டைக் கீழிருந்து பாருங்கள்

நிறைய வீடுகளில் அடுப்பு கொங்கிறீற் பிளேற் ஒன்றின் மேல் இருக்கும், கீழே விறகு அடுக்கியிருக்கும். விறகை வெளியே எடுத்துவிட்டுக் குனிந்து பிளேற்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். துரு நிறத்தில் கோடு ஓடியிருந்தால் உள்ளே கம்பி ஊதத் தொடங்கிவிட்டது. கொங்கிறீற் கழன்று கம்பி வெளியே தெரிந்தால் திட்டை இடிக்கத்தான் வேண்டும், மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும். சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். "டொக்" என்று கட்டியாகக் கேட்டால் நல்லது, பொள்ளல் சத்தம் கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது.

பக்கச் சுவரையும் கவனியுங்கள். புகைக்கூட்டின் பாரம் முழுவதையும் தாங்குவது பெரும்பாலும் அடுப்பின் இருபக்கச் சிறுசுவர்களும் அவற்றின் மேல் கிடக்கும் லின்ரலும்தான். பன்ரி அலுமாரிக்கு இடம் எடுக்க ஒருபக்கச் சுவரை வெட்டினால் கூடு ஆளின் மேல் வரும். கூட்டை இடிக்கிற முடிவு என்றாலும் கூரைக்கு மேலிருந்து வரி வரியாகக் கழற்றிக்கொண்டுதான் கீழே வர வேண்டும். கீழே தட்டி விழுத்துவோம் என்று சொல்லும் ஆளை அந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

4. நான்கு வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்

கூடும் திட்டும் நல்லது என்றால் இரண்டையும் வைத்து அடுப்பை மட்டும் திருத்துங்கள்.

கூடு நல்லது, திட்டு கெட்டது என்றால் கூட்டைத் தாங்குவதற்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் திட்டை மாற்றலாம். மேசன் முட்டுக் கொடுத்து வேலை செய்து பழக்கமுள்ளவரா என்று கேளுங்கள்.

கூடு கெட்டது, விறகு வேலையும் குறைவு என்றால் அடுப்பை வெளியே கொண்டுபோங்கள். வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, மூன்று பக்கம் அரைச்சுவர், மேலே தகரம் அல்லது ஓடு. கிடுகு வேண்டாம், ஒரு பொறி போதும். இந்திய வீட்டுத்திட்ட வீடுகளுக்கு இதுதான் பொருத்தம். 550 சதுர அடி வீட்டுக்குள் குசினிக்குக் கிடைக்கும் இடத்தில் விறகடுப்பும் காஸும் சேர்ந்து இருக்க முடியாது.

கூடு கெட்டது, ஆனால் நாளாந்தம் விறகு வேலை என்றால் புதிதாகக் கட்ட வேண்டும். இதுதான் செலவான வழி. 6ஆம் படியைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.

5. கடதாசி வேலை

அடுப்பைத் திருத்துவது, பூசுவது, ரைல்ஸ் பதிப்பது போன்ற உள்வேலைக்கு அநேகமாக அனுமதி கேட்கமாட்டார்கள். வெளிச்சுவரை நகர்த்துவது, குசினியை நீட்டுவது, கூரையை மாற்றுவது, தனி அடுப்படி கட்டுவது என்றால் தொடங்குமுன் உங்கள் பிரதேச சபைக்குப் போங்கள். கரைச்சி, புதுக்குடியிருப்பு, துணுக்காய் என்று உங்கள் இடம் எந்தச் சபைக்குள் வருகிறதோ அங்கே. தொழில்நுட்ப உத்தியோகத்தர் எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்று முதலே போன் எடுத்துக் கேளுங்கள், மற்ற நாட்களில் வெளிக்களத்தில் நிற்பார். கொண்டுபோக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு, சோலைவரி செலுத்தும் இடமென்றால் கடைசிப் பற்றுச்சீட்டு, வீட்டின் வரைபடம். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக்கொப்பி.

வன்னியில் பலர் மாட்டுப்படும் இடம் ஒன்று உண்டு. காணி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியாக இருக்கும். பத்திரம் காலமான அப்பாவின் பெயரில் இருக்கும். பின்னுரித்தை, அதாவது அவருக்குப் பின் காணி யாருக்கு என்பதை, பிரதேச செயலகத்தில் மாற்றாமல் வரைபடத்தைக் கொடுத்தால் திரும்பி வரும். அந்த மாற்றத்துக்கு மாதங்கள் எடுக்கும், ஆகவே மேசனுக்கு முற்பணம் கொடுக்கும் முன் பத்திரத்தில் யாருடைய பெயர் என்று பாருங்கள்.

கூரைக்குப் பனைமரம் தறிக்கிற எண்ணம் இருந்தால், பெண்பனை தறிப்பதற்கு அனுமதி வேண்டும். வெளியிலிருந்து பாலை, முதிரை மரம் ஏற்றி வருவதென்றால் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள். மரத்தோடு பிடிபட்டால் வாகனமும் சேர்த்துப் போகும்.

6. செலவை அளவுகளால் கணக்குப் பாருங்கள்

விலை மாதத்துக்கு மாதம் மாறும், அளவு மாறாது. எஸ்ரிமேற்றை அளவோடு எழுதிக் கேளுங்கள், மொத்தத் தொகையாக வாங்காதீர்கள்.

உள்ளளவு 11 அங்குலச் சதுரம், அரைச்செங்கல் சுவர் என்ற கூட்டுக்கு, எட்டரை அங்குல நீளமும் இரண்டரை அங்குல உயரமும் உள்ள செங்கல் என்றால், ஒரு வரிக்கு ஏறத்தாழ 7 கல். அடிக்கு 4 வரி. ஆகவே அடிக்கு 28 கல். 12 அடிக் கூட்டுக்கு 336, உடைவு சேர்த்து 370 எடுங்கள். உள்ளூர்ச் சூளைக் கல் இதைவிடச் சிறிது, அளந்து பார்த்துக் கூட்டுங்கள். கூட்டுச் சாந்துக்குச் சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை வெறும் சீமெந்துச் சாந்தைவிடக் குறைவாக வெடிக்கும்.

எஸ்ரிமேற்றில் தனித்தனியாக இருக்க வேண்டியவை: இடிப்புக்கூலி, இடிபாடு ஏற்றும் ரக்ரர், கூரை வெட்டித் திரும்ப அடைப்பது, கூட்டைச் சுற்றிய தகர மடிப்பு, சாரக்கட்டு. கடைசி மூன்றையும் விட்டுவிட்டுத்தான் பலர் விலை சொல்வார்கள், பிறகு வேலை நடுவில் நிற்கும்போது கேட்பார்கள். வங்கிக்கடன் எடுப்பவர்கள் புகைக்கூட்டைத் தனி வரியாகவே போடுங்கள். "குசினி வேலை" என்று ஒரே தொகையாக இருந்தால் பிறகு கூட்டுக்குக் காசு மிஞ்சாது.

7. எப்போது தொடங்குவது

ஐப்பசி முதல் மார்கழி வரை கூரையைத் திறக்காதீர்கள். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை, கையாள் கிடைப்பது கஷ்டம். சித்திரை வருசப்பிறப்பு முடிந்த கையோடு தொடங்கினால் ஆவணிக்குள் கூடு காய்ந்து, அடுப்பு பழகி, மாரிக்கு எல்லாம் தயாராக இருக்கும். திருத்தம் மட்டும் என்றால் நான்கைந்து நாள் வேலை, அதன்பின் காய்வதற்குப் பத்து நாள். அந்த இரண்டு கிழமையும் சமைப்பது எங்கே என்று முதலே ஒழுங்கு செய்யுங்கள். இது விடுபட்டால் ஈரமான அடுப்பில் அவசரத்துக்கு நெருப்பு மூட்டுவார்கள். மண்ணுக்குள் நீராவி அடைபட்டு அடுப்பு வெடிக்கும்.

8. அடுப்பை உள்ளே திருத்துவது

நெருப்புத் தொடும் இடத்தில் சீமெந்து போடக் கூடாது. ஏறத்தாழ 400 பாகை செல்சியசுக்கு மேல் சீமெந்துக்குள் பிடித்திருக்கும் நீர் பிரியத் தொடங்கும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு, பிறகு தண்ணீர் சிந்தினால் அது ஊதி உதிரும். சீமெந்துக் கல்லும் அப்படித்தான். மண்சாந்தும் நன்றாகச் சுட்ட செங்கல்லும்தான் அங்கே நிற்கும்.

புற்றுமண் நான்கு பங்கு, மணல் இரண்டு பங்கு, உமி ஒரு பங்கு, கொஞ்சம் சாணகம். மண்ணைச் சலித்து, நீர் விட்டு ஒருநாள் ஊறவிட்டு மிதியுங்கள். பிறகு விரல் தடிப்பில் ஒரு திரி உருட்டி நிழலில் காயவிடுங்கள். வெடித்தால் மணல் கூட்டுங்கள், கையோடு பொடிந்தால் மண் கூட்டுங்கள். ஒவ்வொரு புற்றும் ஒவ்வொரு மாதிரி, ஆகவே திரி உருட்டிப் பார்க்காமல் பூச வேண்டாம். பளைப் பக்கம், முகமாலைப் பக்கம் மண் எடுக்கவோ விறகு பொறுக்கவோ போகிறவர்கள் மிதிவெடி அபாயம் காட்டும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் கால் வைக்காதீர்கள்.

திட்டின் மேல் 3 அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் படுக்கவைத்து, அதிலிருந்துதான் அடுப்பு எழும்ப வேண்டும். மணல் இல்லாமல் நேரே கொங்கிறீற்றில் நெருப்பு வைத்ததால்தான் பழைய பிளேற்றுகள் போயின. நெருப்புவாய் 6 முதல் 7 அங்குல அகலம், தளத்திலிருந்து பாத்திர அடி 8 முதல் 9 அங்குலம். இதைவிட உயர்ந்தால் விறகு வீண், குறைந்தால் சுவாலை அமுங்கிப் புகையும். 12 மில்லிமீற்றர் கம்பியில் சாம்பல் விழுகிற சட்டம் வைத்தால் காற்று கீழிருந்து வரும். கம்பியைச் சாந்தில் புதைக்காதீர்கள். இரும்பு சூட்டில் நீளும், இருபக்கமும் கால் அங்குலம் விட்டுச் சும்மா கிடத்துங்கள், இல்லாவிட்டால் செங்கல்லைப் பிளக்கும்.

மண்வேலை செய்ய ஆள் இல்லாதவர்கள் இரண்டு பாத்திரம் வைக்கும், சுட்ட களிமண்ணாலான அனகி அடுப்பை வாங்கி, அதைச் சுற்றி இதே மண்ணால் நான்கு அங்குலம் பொதிந்துவிடலாம். பொதியாமல் வெறுமனே வைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும்.

9. புதுக் குசினி பழைய அடுப்பைக் கெடுக்கும்

முப்பது வருடம் புகையாமல் எரிந்த அடுப்பு, குசினி திருத்தியதும் புகையத் தொடங்கும். அடுப்பில் பிழை இல்லை. முன்பு ஓட்டு இடுக்காலும் அரைச்சுவராலும் காற்று வந்தது. இப்போது அலுமினிய யன்னல், சீலிங், இறுக்கமான கதவு. உள்ளே காற்று வராமல் கூட்டால் புகை மேலே போகாது. அடுப்புக்கு எதிர்ச்சுவரில், தரைக்கு ஓரடி மேலே, மூடாத காற்றோட்டக் கல் இரண்டு வையுங்கள். எக்சோஸ்ற் ஃபான் பூட்டினால் அது கூட்டுக்குள்ளிருந்து புகையைக் கீழே இழுக்கும், விறகு எரியும்போது அதைப் போடாதீர்கள். மூடிய அறையில் விறகும் கரியும் எரிந்தால் மணமில்லாத நச்சுவாயு தேங்கும், ஆளைக் கொல்லும்.

பி.வி.சி. சீலிங் 80 பாகையிலேயே இளகும், ஆகவே அடுப்புக்கு மேலேயும் கூட்டைச் சுற்றியும் அது வேண்டாம். பலகை அலுமாரிகள் நெருப்புவாயிலிருந்து 3 அடி தள்ளி. நெருப்புவாயைச் சுற்றி ஓரடிக்கு ரைல்ஸ் பதிக்காமல் செங்கல்லாக விடுங்கள். பதித்தால் சூட்டில் கழன்று விழும்.

10. காஸ் அடுப்பும் அதே குசினியில் என்றால்

காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையில்தான் ஓடும். எரிகிற விறகடுப்பை எட்டினால் தீப்பிடிக்கும். ஆகவே சிலிண்டரைச் சுவருக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமுள்ள கம்பிக்கூட்டில் நிமிர்த்தி வையுங்கள், விறகடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி. ஓஸ் சுவரைத் துளைக்கும் இடத்தில் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி அதற்குள்ளால் எடுங்கள். பழைய ஓஸைப் புதுக் குசினிக்குக் கொண்டுபோகாதீர்கள், வாங்கும் ஓஸில் அச்சிட்ட திகதியைப் பாருங்கள். றெகுலேற்றர் நீங்கள் எடுக்கும் கம்பனியின் சிலிண்டர் வாய்க்குப் பொருந்த வேண்டும். பூட்டியதும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. 2021 கார்த்திகை, மார்கழியில் நடந்த காஸ் வெடிப்புகளை யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

11. முதல் நெருப்பு

பத்து நாள் நிழலில் காய்ந்த பிறகு, முதல் மூன்று நாளும் காலையில் சிரட்டை நான்கைந்து மட்டும் எரித்து அணையவிடுங்கள். பாத்திரம் வேண்டாம். மயிர் வெடிப்பு வரும், அது வழமை. அதே மண்ணைக் கூழாகக் கரைத்துத் துணியால் பூசுங்கள். நான்காம் நாள் சின்ன விறகு. ஒரு கிழமைக்குப் பிறகு கிடாரம் ஏற்றலாம்.

விறகு பிளந்து, மழை படாமல், இரண்டு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். இரண்டு துண்டை ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பாலையும் வீரையும் நின்று எரியும், பொச்சு மூட்டுவதற்கு. பெயின்ற் அடித்த பழைய யன்னல் பலகை இடிபாட்டில் கிடந்தாலும் அடுப்புக்குள் போடாதீர்கள். கூட்டை வருடத்தில் இரண்டு தரம், ஒருமுறை கட்டாயம் புரட்டாதியில், கயிற்றில் கட்டிய முட்கம்பிச் சுருளால் மேலிருந்து கீழே இழுத்துத் தட்டுங்கள். அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடிவிட்டுத்தான் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் புது வெள்ளைச் சுவர் முழுக்கக் கரி.